கண்கட்டி வடியாவிட்டால்: இமையின் வியர்வைச் சுரப்பிப் புற்றுநோயை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இமையில் சிறு கட்டி எழும்பினால் நம் வீடுகளில் நாமக்கட்டியை இழைத்துப் போடுவார்கள். சிலர் விரலை உள்ளங்கையில் பரபரவென்று தேய்த்துச் சூடேற்றி ஒற்றி எடுப்பார்கள். நாமக்கட்டிக்கு என்ன குணம் என்ற வாதம் இங்கே வேண்டாம். சூட்டுக்குக் குணம் உண்டு. கண் மருத்துவரும் முதலில் வெதுவெதுப்பான ஒத்தடத்தைத்தான் சொல்வார். அடைத்துக்கொண்ட சுரப்பி திறந்து, சில நாட்களிலோ சில வாரங்களிலோ கட்டி அடங்கிவிடும். இமைக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றின் கதை அவ்வளவுதான்.

அடங்காதவையும் உண்டு. அவற்றில் ஒரு சிறு பகுதி புற்றுநோய். அந்தச் சிறு பகுதிக்குள்ளும் மிக அரிதான ஒரு கூட்டம், இமையின் வியர்வைச் சுரப்பிகளில் தொடங்கும் புற்றுகள். பொதுக் கண் மருத்துவர் ஒருவர் ஓய்வு பெறும்வரை இதில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் போகலாம். ஆனால் இந்த நோய் தவறவிடப்படும் இடங்கள் ஒன்றும் அரிதானவை அல்ல: ஒத்தடத்திலேயே கழிந்த மாதங்கள், பரிசோதனைக்குப் போகாமல் குப்பைக்குப் போன திசு, ஆழம் போதாமல் எடுத்த பயாப்சி (பரிசோதனைக்காக வெட்டி எடுக்கும் திசுத் துண்டு). இந்த மூன்றும் நடக்காமல் தடுக்க நோயாளி கேட்கும் ஒரு கேள்வியே பல நேரம் போதும். என்ன கேள்வி என்று தெரிய வேண்டுமானால் இமைக்குள் கொஞ்சம் நுழைந்து பார்க்க வேண்டும்.

இமைக்குள் இருக்கும் சுரப்பிகள்

உடலிலேயே மிக மெல்லிய தோல் இமைத் தோல்தான். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதன் உள்பக்கம், இமைக்கு விறைப்பைத் தரும் தகடு ஒன்று இருக்கிறது. அந்தத் தகட்டுக்குள் வரிசையாக நிற்பவை மைபோமியன் சுரப்பிகள். மேல் இமையில் 30 முதல் 40, கீழ் இமையில் 20 முதல் 30 வரை இருக்கும். கண்ணீர் சட்டென்று காய்ந்துவிடாமல் மேலே ஒரு நெய்ப் படலத்தை விரிப்பது இவற்றின் வேலை. இமைமுடியின் வேரை ஒட்டி ட்ஸைஸ் சுரப்பி என்ற இன்னொரு சின்ன நெய்ச் சுரப்பி இருக்கிறது.

வியர்வைச் சுரப்பிகள் இரண்டு வகை. ஒன்று உடல் முழுக்க லட்சக்கணக்கில் பரவி, தோலின் மேற்பரப்பில் நேரடியாகத் திறந்து, உடலைக் குளிர்விக்கும் சாதாரண வியர்வைச் சுரப்பி. எக்ரைன் என்பது அதன் பெயர். இது இமைத் தோலிலும் உண்டு. மற்றொன்று அபோக்ரைன். அக்குள், தொடையிடுக்கு, மார்புக் காம்பைச் சுற்றிய இடம் என்று சில இடங்களில் மட்டும் இருப்பது. முடியின் குழலுக்குள் திறப்பது. இமை ஓரத்தில் இமைமுடிகளுக்கு இடையே இருக்கும் மோல் சுரப்பிகள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. 19ஆம் நூற்றாண்டு டச்சுக் கண் மருத்துவர் யாக்கோப் மோலின் பெயரால் அழைக்கப்படுபவை.

தாய்ப்பால் சுரக்கும் மார்பகச் சுரப்பியும் பரிணாமத்தில் இந்த அபோக்ரைன் சுரப்பிகளின் உறவு என்றே உயிரியலாளர்கள் கருதுகிறார்கள். இமைக்கும் மார்பகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். இந்த நோயைக் கண்டுபிடிப்பதில் இருக்கும் சிக்கலில் பாதி அந்தச் சம்பந்தத்தால் வருவதுதான். கொஞ்ச நேரத்தில் அங்கே வருகிறேன்.

இத்தனை சுரப்பிகளும் சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. ட்ஸைஸ் அல்லது மோல் சுரப்பியில் கிருமி புகுந்தால் வலியும் சிவப்புமாகக் கண்கட்டி. மைபோமியன் சுரப்பி அடைத்தால் வலியில்லாத கெட்டி உருண்டை. அதைக் கலேசியான் என்பார்கள். மோல் சுரப்பியின் குழாய் அடைத்தால் நீலம் பாய்ந்த, நீர் நிறைந்த கொப்புளம் போன்ற கட்டி. இவை மூன்றும் ஆபத்தில்லாதவை. அதே இடத்தில் அதே உருவத்தில் புற்றும் எழும்ப முடியும் என்பதுதான் தொல்லை.

எந்தப் புற்று எவ்வளவு

மேற்கு நாடுகளில் இமைப் புற்றுகளில் 80 முதல் 90 சதவீதம் பேசல் செல் புற்று. தோலின் அடி அடுக்கில் தொடங்குவது, வெளிர் நிறத் தோலில் வெயில் தாக்கத்தால் வருவது. இந்தியாவில் நிலைமை வேறு. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை வெளியிட்ட பெரிய தொகுப்பு ஒன்றில் பாதிக்கும் மேற்பட்டவை நெய்ச் சுரப்பிப் புற்றுகளாக இருந்தன. ஆகவே நம் ஊரில் வடியாத இமைக் கட்டியைப் பார்க்கும் மருத்துவர் மனதில் முதலில் வர வேண்டிய சந்தேகம் நெய்ச் சுரப்பிப் புற்றுதான். வியர்வைச் சுரப்பிப் புற்றுகள் எல்லாப் பட்டியல்களிலும் கடைசி வரியில், ‘மற்றவை’ என்ற தலைப்பின் கீழ் ஒதுங்கிக் கிடப்பவை.

அந்த ‘மற்றவை’க்குள் நான்கைத் தெரிந்துகொண்டால் போதும். மியூசின் எனப்படும் வழவழப்பான சளிப்பொருளைச் சுரந்துகொண்டே வளரும் மியூசினஸ் புற்று முதலாவது. தோலில் தோன்றும் மியூசினஸ் புற்றுகள் மிக அதிகமாக வரும் இடமே இமைதான். 1952இல் முதலில் விவரிக்கப்பட்டது. அடுத்தது, மியூசினைச் சுரப்பதோடு ஹார்மோன் சுரக்கும் செல்களின் அடையாளங்களையும் காட்டும் ஒரு மந்தமான புற்று. பெயர் மிக நீளம். மருத்துவர்களே முதலெழுத்துகளால்தான் அழைக்கிறார்கள். வயதான பெண்களின் கீழ் இமையில் அதிகம் காணப்படுவது. 1997இல்தான் தனி நோயாக விவரிக்கப்பட்டது. இது முற்றினால் மியூசினஸ் புற்றாக மாறக்கூடும் என்று கருதுகிறார்கள். மூன்றாவது மைக்ரோசிஸ்டிக் அட்னெக்சல் புற்று. 1982இல் பெயர் பெற்றது. நான்காவது முத்திரை மோதிரச் செல் புற்று. செல்லுக்குள் சளி நிறைந்து உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடுவதால் அந்தப் பெயர். பெரும்பாலும் வயதான ஆண்களுக்கு வருகிறது.

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா?

உறுதியாக முடியாது. சந்தேகப்பட முடியும், அதுவே பெரிய காரியம்.

சந்தேகப்பட வைக்கும் அறிகுறிகளில் முதலிடம் நான் கொடுப்பது இமைமுடி உதிர்வுக்கு. கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் முடி கொட்டி மொட்டையாக இருந்தால், உள்ளே ஏதோ முடியின் வேரையே அரிக்கிறது என்று பொருள். சாதாரண கலேசியான் முடியைத் தள்ளும், பொதுவாக அழிக்காது. அடுத்தது, கீறி எடுத்த கட்டி அதே இடத்தில் மறுபடி வருவது. வேறு இடத்தில் புதிதாக வருவது சகஜம். எடுத்த இடத்திலேயே திரும்புவது சகஜமில்லை. இவற்றோடு வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 20 வயதுப் பெண்ணின் கலேசியானும் 65 வயதுக்காரருக்கு வாழ்நாளில் முதன்முறையாக வந்த கலேசியானும் ஒன்றல்ல.

வலி இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. இமைப் புற்றுகள் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. மைக்ரோசிஸ்டிக் புற்று மட்டும் இதில் கொஞ்சம் வித்தியாசம்: அது நரம்பைச் சுற்றிக்கொண்டு ஊர்வதில் கைதேர்ந்தது, அதனால் கட்டியைச் சுற்றி மரமரப்பு, கூச்சம், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு வரலாம். நோயாளி இதைத் தானாகச் சொல்வது அபூர்வம். கேட்டால்தான் ‘ஆமாம், கொஞ்ச நாளாக’ என்பார்.

முத்திரை மோதிரச் செல் புற்று கட்டியாகவே வராமல் போகலாம். ஒரு கண்ணின் இமை மெல்ல மெல்லத் தடித்து, சிவந்து, விறைத்துக்கொண்டே போகும். சில பேருக்கு மேல் இமை, கீழ் இமை இரண்டும். இமை அழற்சி என்று மாதக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருப்பார்கள். உண்மையான இமை அழற்சி பெரும்பாலும் இரு கண்களிலும் இருக்கும். ஒரே கண்ணில் நீடிக்கும் அழற்சி, சிகிச்சைக்குக் கட்டுப்படாத அழற்சி, பயாப்சி கேட்கும் அழற்சி.

மருத்துவர் இமையைப் புரட்டி உள்பக்கம் பார்ப்பார். ஸ்லிட் லேம்ப் என்னும் கருவியில் முகவாயை வைக்கச் சொல்லி இமை ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார். கட்டி அடியோடு ஒட்டியிருக்கிறதா, நகர்கிறதா என்று தொடுவார். காதுக்கு முன்னும் தாடைக்குக் கீழும் விரலால் அழுத்திப் பார்த்தால் நெறிக்கட்டைத் தேடுகிறார் என்று அர்த்தம். இமையின் நிணநீர் அந்த இரண்டு இடங்களுக்குத்தான் வடிகிறது.

கத்தி படலாமா?

‘கத்தி பட்டால் புற்று பரவிவிடும்’ என்ற பயம் படித்தவர்களிடமும் இருக்கிறது. இமைப் புற்றில் இந்தப் பயம் செய்யும் கெடுதல் நோய் செய்வதற்குக் குறைந்ததல்ல. பயாப்சி எடுக்காமல் இந்த நோய்க்குப் பெயர் வைக்கவே முடியாது. ஸ்கேன் எதுவும் அதற்கு மாற்றல்ல.

ஆனால் எப்படி எடுக்கிறார்கள் என்பது முக்கியம். மைக்ரோசிஸ்டிக் புற்று அருகம்புல் மாதிரி: மேலே தெரிவது கொஞ்சம், வேர் ஓடியிருப்பது வெகுதூரம். மேலாகச் சீவி எடுத்த துண்டில் சின்னச் சின்ன நீர்ப்பைகளும் செல் வரிசைகளும் மட்டும் தெரியும். ஆபத்தே இல்லாத சிரிங்கோமா என்னும் வியர்வைக் குழாய்க் கட்டியும் அப்படியேதான் இருக்கும். ஆழத்தில், தசைக்குள்ளும் நரம்பைச் சுற்றியும் செல்கள் நுழைந்திருப்பதைப் பார்த்தால்தான் புற்று என்று சொல்ல முடியும். ஆகவே சந்தேகம் இருந்தால் மேலாகச் சீவாமல், ஆழமாகவோ இமையின் முழு கனத்தில் ஆப்பு வடிவத்திலோ ஒரு துண்டு எடுப்பதே சரி. இமைக்கு ரத்த ஓட்டம் அதிகம். அது நன்றாகவே ஆறும்.

கலேசியானைக் கீறும்போது நடப்பதையும் சொல்ல வேண்டும். இமையைப் புரட்டி, உள்பக்கம் சின்னதாகக் கீறி, குட்டிக் கரண்டி போன்ற கருவியால் உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுக்கிறார்கள். சில நிமிட வேலை. சுரண்டி எடுத்தது பஞ்சில் துடைக்கப்பட்டு, பஞ்சு தொட்டிக்குள் போகிறது. முதல்முறை வந்த இளவயதுக்காரரின் கலேசியான் என்றால் அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். இரண்டாம் முறை அதே இடத்தில் என்றால், அல்லது வயதானவர் என்றால், அது தொட்டிக்குப் போகக் கூடாது. ‘இதைப் பயாப்சிக்கு அனுப்புகிறீர்களா, டாக்டர்?’ முன்பு சொன்ன கேள்வி இதுதான். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அனுப்புவதென்றால் ஃபார்மலின் ஊற்றிய சிறு டப்பாவில். 10 சதவீத ஃபார்மலின், திசுவைப் போலக் குறைந்தது 10 மடங்கு அளவு. அவசரத்தில் சலைன் நீரில் போட்டு மறுநாள் அனுப்பினால் செல்கள் கெட்டுவிடும். அதன்பின் எந்த நிபுணராலும் ஒன்றும் செய்ய முடியாது. டப்பாவோடு போகும் விண்ணப்பத் தாளில் ‘கலேசியான்’ என்று ஒற்றைச் சொல் மட்டும் எழுதியிருந்தால் திசுவை நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்லும் பேத்தாலஜிஸ்ட் கலேசியானைத்தான் தேடுவார். ‘67 வயது, பெண், இடது கீழ் இமை, இரண்டாம் முறை, இமைமுடி உதிர்வு உண்டு’ என்று எழுதியிருந்தால் அதே ஸ்லைடை வேறு கண்ணோடு பார்ப்பார். அந்தத் தாளில் எழுதப்படும் இரண்டு வரி, பரிசோதனைக் கூடத்தின் பாதி வேலை.

நுண்ணோக்கியில் என்ன தெரிகிறது

திசுவை மெழுகில் புதைத்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கை ஒட்டிய கனத்துக்குச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றுகிறார்கள். வழக்கமான சாயத்தில் உட்கரு நீல ஊதாவாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும்.

மியூசினஸ் புற்றின் ஸ்லைடை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வெளிறிய நீலத்தில் அகன்ற சளித் தேக்கங்கள்; மெல்லிய நார்த் தடுப்புகள் அவற்றை அறை அறையாகப் பிரிக்கின்றன; ஒவ்வொரு அறையிலும் செல் கூட்டங்கள் சிறு திட்டுகளாக மிதக்கின்றன. செல்கள் பார்க்கச் சாதுவாக இருக்கும். அந்த நீலம் சளிப்பொருள்தானா என்று உறுதி செய்ய ஆல்சியன் புளூ, மியூசிகார்மைன் போன்ற தனிச் சாயங்கள் உண்டு. அழகான படம். இதை வைத்து ‘மியூசினஸ் புற்று’ என்று எழுதிவிடலாம்.

எழுதிய பிறகுதான் நிஜமான கேள்வி வருகிறது: இது எங்கே பிறந்தது?

மார்பகத்தில் வரும் ஒருவகைப் புற்று இதே படத்தைக் காட்டும். பெருங்குடல் புற்றிலும் இப்படி ஒரு வகை உண்டு. அவை அபூர்வமாக இமைக்குப் பரவுவதும் உண்டு. முத்திரை மோதிரச் செல்களைக் கண்டால் இரைப்பையையும் மார்பகத்தையும் நினைக்க வேண்டும். இமையில் பிறந்தது என்றால் அங்கேயே வெட்டி எடுத்துப் பெரும்பாலும் குணப்படுத்தலாம். வேறு உறுப்பிலிருந்து வந்தது என்றால் அது முற்றிய நோய், சிகிச்சையே வேறு. ஒரே ஸ்லைடு, இரண்டு வேறு வாழ்க்கைகள்.

இங்கே உதவிக்கு வருவது இம்யூனோ சாயங்கள். குறிப்பிட்ட ஒரு புரதத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளைத் திசுமேல் விடுகிறார்கள். புரதம் இருக்கும் இடம் பழுப்பாக மாறும். பெருங்குடலைப் பிரிப்பது எளிது. குடல் புற்று பொதுவாக சிகே20, சிடிஎக்ஸ்2 என்ற புரதங்களுக்கான சாயங்கள் இரண்டிலும் பழுப்பாகும். இமைப் புற்று அவற்றில் நிறமேறாமல், சிகே7 என்பதில் பழுப்பாகும்.

மார்பகத்தைப் பிரிப்பதுதான் பாடு. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி, கேட்டா3 என்று மார்பகப் புற்றுக்கு அடையாளமாகச் சொல்லும் அத்தனையும் இமையின் மியூசினஸ் புற்றிலும் பழுப்பாகும். மோல் சுரப்பியும் மார்பகமும் ஒரே குடும்பம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். ஆகவே 60 வயதுப் பெண்ணின் இமைப் பயாப்சி அறிக்கையில் ‘ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ்’ என்று பார்த்துவிட்டு, இணையத்தில் தேடி, மார்பகப் புற்று என்று வீடே அழுவது வேண்டாத துயரம். ஆணின் இமைப் புற்றிலும் அதே ஏற்பி பாசிட்டிவாக வரும்.

ஒரு தடயம் மட்டும் உறுதியானது. இயல்பான வியர்வைச் சுரப்பியைச் சுற்றித் தசை போன்ற செல்கள் ஒற்றை வரிசையாக நின்று அதைப் பிழிந்துவிடும். பி63 சாயத்தில் அந்த வரிசையின் உட்கருக்கள் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். புற்றின் ஓரத்தில் எங்காவது அந்த வரிசை கலையாமல் நின்றால், புற்று அந்தக் குழாய்க்குள்ளேயே தொடங்கியது என்று பொருள். வெளியிலிருந்து வந்த செல்கள் வேலியோடு வராது. சினாப்டோஃபைசின், ஐஎன்எஸ்எம்1 சாயங்கள் பழுப்பாகி, செல்கள் கட்டியான உருண்டைகளாக அடைந்திருந்தால், ஹார்மோன் அடையாளம் காட்டும் அந்த இரண்டாம் வகைப் புற்று. தசை போன்ற செல்களின் அந்த வேலி அகப்படாவிட்டால்? இமையில் பிறக்கவில்லை என்று ஆகிவிடாது. எடுத்த துண்டில் அந்த ஓரம் வராமல் இருந்திருக்கலாம்.

அப்போது பேத்தாலஜிஸ்ட் தன் அறிக்கையில் ‘பிற உறுப்புகளில் புற்று இல்லை என்று உறுதி செய்யவும்’ என்று ஒரு வரி சேர்ப்பார். பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாக இதைப் படிக்கக் கூடாது. ஸ்லைடால் இதற்குமேல் சொல்ல முடியாது என்ற நேர்மை அது. அந்த வரியின்படி மார்பகப் பரிசோதனையும் மேமோகிராமும், தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி, மார்பு வயிறு சிடி அல்லது பெட் சிடியும் செய்கிறார்கள். எதிலும் ஒன்றும் இல்லை என்றால்தான் இமையிலேயே பிறந்த புற்று என்ற முடிவு முழுமை பெறுகிறது.

எவ்வளவு தூரம் போயிருக்கிறது

பெயர் தெரிந்தபின் அளவு. 10 மில்லிமீட்டர் வரை முதல் நிலை, 20 வரை இரண்டாம் நிலை, 30 வரை மூன்றாம் நிலை. கண்குழிக்குள் புகுந்துவிட்டால் நான்காம் நிலை. இது மேலோட்டமான கணக்கு. இமைத் தகடு, இமை ஓரம், இமையின் முழு கனம் ஆகியவற்றை நோய் எட்டியிருக்கிறதா என்பதை வைத்து உட்பிரிவுகள் இருக்கின்றன. மரமரப்பு இருந்தாலோ கட்டி அசையாமல் ஒட்டியிருந்தாலோ கண்குழிக்கு எம்ஆர்ஐ எடுப்பார்கள். நரம்பு வழியே ஊர்ந்திருப்பதைக் காட்டுவதில் அது சிடியைவிட மேல். கழுத்துக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்து, நெறிக்கட்டு சந்தேகமாக இருந்தால் ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பார்கள்.

அறுவைச் சிகிச்சையின்போதும் கண்டுபிடிப்பு தொடர்கிறது. மோஸ் முறையில் ஒரு படலம் வெட்டி, ஓரம் முழுவதையும் அங்கேயே உறைய வைத்து நுண்ணோக்கியில் பார்த்து, புற்று மிச்சமிருக்கும் பக்கத்தில் மட்டும் மறுபடி வெட்டுவார்கள். மியூசினஸ் புற்றைச் சாதாரணமாக வெட்டி எடுத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அதே இடத்தில் திரும்பி வந்ததாகப் பழைய தொகுப்புகள் சொல்கின்றன. உடலின் வேறு பகுதிக்குப் பரவுவது அதைவிட மிகக் குறைவு. எல்லா மருத்துவமனையிலும் மோஸ் வசதி இருக்காது. திசுவை உடனே உறைய வைத்துப் பார்க்கும் ஃப்ரோஸன் செக்‌ஷன் வசதி உள்ள இடத்தில் ஓரங்களைப் பரிசோதித்துக்கொண்டே எடுப்பது அடுத்த நல்ல வழி.

அறிக்கையைக் கையில் வாங்கும்போது இரண்டு இடங்களைப் பாருங்கள்: புற்றின் வகை எழுதியிருக்கிறதா, வெட்டிய ஓரங்களில் புற்று இருக்கிறதா இல்லையா என்று எழுதியிருக்கிறதா. வகை தெளிவாக இல்லை என்றால் இரண்டாம் கருத்துக்காக மறுபடி இமையை வெட்ட வேண்டியதில்லை. திசு புதைந்திருக்கும் மெழுகுக் கட்டியைப் பரிசோதனைக் கூடம் பத்திரமாக வைத்திருக்கும். அதையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி, கண் நோயியலில் பழகிய பேத்தாலஜிஸ்ட் இருக்கும் மருத்துவமனைக்கு அனுப்பலாம். அந்த மெழுகுக் கட்டியிலிருந்தே புதிதாகச் சீவி, விட்டுப்போன சாயங்களை அவர்கள் ஏற்றிப் பார்ப்பார்கள். மேமோகிராம், ஸ்கேன் முடிவுகளின் நகலையும் கூடவே வையுங்கள். இந்த நோய்க்கு அவை இல்லாமல் அவர்களாலும் கடைசி வரியை எழுத முடியாது.